கதவு எங்கே இருக்கிறது?

கோலாலம்பூரில் தமிழில் சண்டைப் படம் எடுக்க முனைந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கோடு என் எடிட்டிங் அறைக்கு வந்தார். நல்ல உழைப்பாளி. பகலில் வேலை, இரவில் படப்பிடிப்பு என்று எட்டு மாதம் ஓடியவர். முதல் ஆறு நிமிடத்தை மட்டும் வெட்டித் தரச் சொன்னார். போட்டுப் பார்த்தோம். இரவில் இரட்டைக் கோபுரம், ட்ரோனில். பிறகு ஒரு பூட்ஸ் கால். பிறகு கறுப்புக் கண்ணாடி. பிறகு ஒரு கிடங்கு. உள்ளே பத்துப் பேர் ஒருவர்பின் ஒருவராக ஸ்லோமோஷனில் பறந்து விழுகிறார்கள். "அண்ணே, எடுப்பா இருக்கா?" என்று கேட்டார்.

நான் திருப்பிக் கேட்டேன்: "தம்பி, இந்தக் கிடங்குக்குக் கதவு எங்கே இருக்கு?"

அவர் யோசித்தார். முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு ஷாட்டில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது, அடுத்ததில் வலப்பக்கமிருந்து. நாயகன் எந்த வழியாக உள்ளே வந்தான், அடி வாங்குகிறவன் எந்தப் பக்கம் ஓடினால் பிழைப்பான் என்று எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை. எடுத்தவருக்கே தெரியாத கதவு பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது எனக்கும் கஷ்டமாகிவிட்டது. அவர் ஒருவரிடம் மட்டும் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். திருமண வீடியோவும் தொலைக்காட்சி நாடகமும் வெட்டித்தான் வயிறு நிறைந்தது. மனம் நிறைந்தது உங்கள் படங்களால். அந்த உரிமையில் சொல்கிறேன்.

சண்டைப் படத்தின் தொடக்கக் காட்சி நாயகனை அறிமுகம் செய்யத்தான் என்று நாம் பழகிவிட்டோம். அந்தக் காட்சியின் முதல் வேலை இடத்தைப் பழக்குவது என்பது என் எண்ணம். எது மேடு, எது பள்ளம், எங்கே சுவர், எங்கே வழி என்பது பார்க்கிறவர் உடம்பில் ஏறிவிட வேண்டும். ஏறிவிட்டால், நாயகன் தப்பான பக்கம் திரும்பும்போது இருக்கையில் இருப்பவரின் கை தானாக இறுகும். ஏறாவிட்டால் பத்துப் பேர் பறந்தாலும் நூறு பேர் பறந்தாலும் ஒன்றுதான்.

1985-இல் ஹாங்காங்கில் வந்த போலீஸ் ஸ்டோரியை எடுத்துக்கொள்வோம். உங்கள் அப்பாவோ மாமாவோ பார்த்திருப்பார். நீங்களும் சண்டைத் துண்டுகளை மட்டும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து துண்டாகப் பார்க்காதீர்கள், தொடக்கத்திலிருந்து பாருங்கள். ஜாக்கி சான் இயக்கி நடித்த படம். அதற்கு முன்பு அமெரிக்கர்களோடு த புரொடெக்டர் என்ற படத்தில் நடித்துவிட்டு, அதை எடுத்த விதம் பிடிக்காமல் ஊர் திரும்பி, போலீஸ் படம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று தன் ஸ்டண்ட் குழுவை வைத்துக் காட்டினார். படத்தைத் தொகுத்தவர் பீட்டர் சியுங். என் தொழில்காரர் என்பதால் பெயரைச் சொல்லாமல் விட மனமில்லை.

கதை மிக எளிது. போதைப்பொருள் கும்பலின் தலைவனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போலீஸ் திட்டமிடுகிறது. சந்திப்பு நடக்கும் இடம் ஒரு மலைச்சரிவு. சரிவு முழுக்கத் தகரமும் பலகையுமாக ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் குடிசைகள். மாறுவேடத்தில் போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் காத்திருக்கிறார்கள். இங்கே படம் அவசரப்படுவதில்லை. சந்துகளைக் காட்டுகிறது, படிகளைக் காட்டுகிறது, மேலே நிற்பவன் கீழே இருப்பவனைப் பார்ப்பதைக் காட்டுகிறது. சுடத் தொடங்குவதற்குள் ஒரு விஷயம் நமக்குள் பதிந்துவிடுகிறது: இது மேலிருந்து கீழே இறங்கும் இடம்.

துப்பாக்கிச் சண்டையின் நடுவில் ஒரு சின்ன விஷயம். ஓர் இளம் போலீஸ்காரர் பயத்தில் கால்சட்டையை நனைத்துவிடுகிறார். ஜாக்கி சானின் பாத்திரம், கா குய், அவர் அருகில்தான் இருக்கிறார். முதல்முறை பார்ப்பவர்கள் அந்த ஷாட்டில் சிரித்துவிடுவார்கள். எனக்குப் படத்தின் மிக முக்கியமான ஷாட்டுகளில் அதுவும் ஒன்று. இந்த இடத்தில் குண்டு பட்டால் சாவு என்று அது சொல்கிறது. நாயகன் பயப்படுகிறவர்களின் நடுவில் நிற்கிற ஆள் என்றும் சொல்கிறது. உங்கள் கிடங்கில் பறந்து விழுந்த பத்துப் பேரில் ஒருவனுக்காவது பயம் இருந்ததா?

இப்போது கார். தப்பிக்கப் பார்க்கும் கும்பல் காரைச் சாலையை விட்டு இறக்கி, குடிசைகளுக்குள்ளேயே நேராகக் கீழே விடுகிறது. பலகை தெறிக்கிறது, தகரம் மடிகிறது, ஆட்கள் சிதறி ஓடுகிறார்கள். கா குய்யும் இன்னொரு காரை எடுத்துக்கொண்டு அதே சரிவில் இறங்குகிறார். முழுச் சரிவும் தெரியும்படி காமிரா தள்ளி நிற்கிறது. கார் எங்கே தொடங்கியது, எங்கே போய்ச் சேரும் என்று ஒரே பார்வையில் தெரிகிறது. இதைப் பார்க்கிற எல்லோரும் நொறுங்கும் குடிசைகளைத்தான் பேசுவார்கள். நான் பேச விரும்புவது அந்தக் கார் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை. சாலை வளைந்து வளைந்து போகும், சரிவு நேராக இறங்கும். சாலையை விட்டவன் சாலையில் போகிறவனை முந்துவான்.

அந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள். கீழே வந்த கும்பல் ஓர் இரட்டை மாடிப் பேருந்தைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறது. கா குய் பின்னால் ஓடுகிறார். ஒரு குடையின் வளைந்த பிடியைப் பேருந்தில் மாட்டித் தொங்குகிறார். படப்பிடிப்பில் முதலில் மரக் குடையை வைத்துப் பார்த்தார்களாம். அது வழுக்கிக்கொண்டே இருந்ததால் உலோகத்தில் செய்த குடையைக் கொண்டுவந்தார்கள். திருப்பங்களில் உடம்பு வெளியே வீசப்படுகிறது, கால்கள் சாலையைத் தொடும்போல் வருகின்றன. கடைசியில் பேருந்தை விட்டு விழுகிறார். பேருந்து போய்விட்டது. அவ்வளவுதான், பிடிக்க முடியாது.

அப்போது அவர் சாலையை விட்டுவிட்டு மலையில் இறங்குகிறார். சரிவில் சறுக்கிக் கீழே வந்து, சுற்றி வரும் பேருந்துக்கு முன்னால் நடுச் சாலையில் கைத்துப்பாக்கியோடு நிற்கிறார்.

இந்த இடத்தில் யாரும் வசனம் பேசி விளக்கவில்லை. "இந்தக் குறுக்கு வழியா போனா முந்திடலாம்" என்று ஒருவனும் சொல்லவில்லை. கார் ஏற்கெனவே சொல்லிவிட்டது. கெட்டவன் செய்த அதே காரியத்தை நல்லவன் வெறும் உடம்பால் செய்கிறான். நாமும் அவனோடு சேர்ந்தே யோசித்து முடித்திருப்போம். அதனால்தான் அந்தச் சறுக்கலில் நம் வயிறும் சேர்ந்து இறங்குகிறது. ஆறு நிமிடமோ பதினாறு நிமிடமோ, தொடக்கக் காட்சி என்றால் எனக்கு இதுதான்.

பேருந்து சடக்கென்று நிற்கிறது. மேல்மாடியில் நிற்பவர்கள் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு சாலையில் விழுகிறார்கள். முன்னால் நிற்கும் காரின்மேல் விழுவதாகத்தான் திட்டம். பேருந்து சற்று முன்பே நின்றுவிட்டதால் அந்த ஸ்டண்ட் கலைஞர்கள் வெறும் தார்ச் சாலையில் விழுந்தார்கள். அந்த ஷாட்டே படத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் ஆசைப்படக் கூடாது. நம் ஊரில் ஸ்டண்ட் செய்யும் பிள்ளைகளில் பலருக்குக் காப்பீடே இல்லை. ஒருவனின் முதுகெலும்புக்கு ஈடான ஷாட் இன்றுவரை எடுக்கப்படவில்லை, இனியும் எடுக்கப்படாது. பெரியவனாக இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

படம் முழுவதையும் பார்த்துவிட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். கடைசிச் சண்டை ஒரு பேரங்காடியில். மாடிமேல் மாடியாக உயர்ந்த கூடத்தில், விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே சறுக்கி, கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு விழுகிறார். அந்த விளக்குகளின் சூட்டில் ஜாக்கி சானின் உள்ளங்கைகள் வெந்துபோயின. அந்தச் சண்டையில் உடைந்த கண்ணாடியைப் பார்த்துப் படக்குழுவினர் இதைக் கண்ணாடிக் கதை என்றே அழைத்தார்கள். மேலிருந்து கீழே சறுக்கல், பிறகு கண்ணாடி: இரண்டும் தொடக்கத்தில், மலையிலும் பேருந்திலும், அப்படியே இருக்கின்றன. முடிவைத் தொடக்கத்தில் விதைத்து வைப்பது என்று நாம் பேசிக்கொள்கிறோமே, இங்கே வசனத்தில் ஒரு வார்த்தை இல்லாமல் உடம்பின் அசைவாலேயே விதைத்திருக்கிறார்கள்.

இதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. பத்து வயதில் முதல்முறை பார்த்தேன். அப்போது நாங்கள் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய ஒரு புறம்போக்குக் கம்பத்தில், அதாவது குடிசைக் குடியிருப்பில், இருந்தோம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள். தகரக் கூரை, பலகைச் சுவர், மழை பெய்தால் வாசலில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டில் மட்டும் வீடியோ இருந்தது. வாடகைக்கு எடுத்த டேப்பை வெள்ளிக்கிழமை இரவில் போடுவார்கள். ஏழெட்டு வீட்டு ஆட்கள் பாயில் உட்கார்ந்து பார்ப்போம். மலாய் எழுத்தில் வசனம் ஓடும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாசித்துச் சொல்ல வேண்டும்.

கார் அந்தக் குடிசைகளுக்குள் பாய்ந்ததும் பிள்ளைகள் எல்லோரும் கத்தினோம், கை தட்டினோம். பெரியவர்கள் பக்கம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அம்மா திரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "அந்த வீட்டுக்காரங்க எல்லாம் இன்னிக்கு ராத்திரி எங்க போயி படுப்பாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. படமும் சொல்லவில்லை. இன்றுவரை அந்தப் படத்தில் எனக்குள்ள ஒரே குறை அதுதான். நான் அவ்வளவு நேசிக்கும் அந்தச் சரிவில், வீடு இழந்த ஒருவரின் முகத்துக்கு ஒரு ஷாட் நிற்கவில்லை. பின்னாளில் எங்கள் கம்பத்தையும் இடித்தார்கள். வரிசையாகக் கட்டிய தற்காலிக நீளவீட்டுக்குப் போனோம், அங்கிருந்து அடுக்குமாடிக்கு. இடிக்க வந்த இயந்திரம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்த வீடு முதலில் போனது, அம்மா எந்த வாசலில் நின்றார் என்பதெல்லாம் கண்ணை மூடினால் வரைபடம்போல வருகிறது. அந்த இடத்தை எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

போலீஸ் ஸ்டோரியின் இந்தத் தொடக்கத்தை ஹாலிவுட்டும் எடுத்துக்கொண்டது. 1989-இல் வந்த டாங்கோ அண்ட் கேஷ் படத்தின் தொடக்கத்தில் ஸ்டாலோன் துப்பாக்கியோடு நடுச் சாலையில் நிற்பார், பெரிய லாரி ஒன்று எதிரே வந்து நிற்கும், உள்ளே இருப்பவர்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுவார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் மலை இல்லை. அவர் அங்கே போய்ச் சேர நாம் அவரோடு எதையும் கற்கவில்லை. அதனால் தைரியம் மட்டும் தெரிகிறது, மூளை தெரியவில்லை. 2003-இல் பேட் பாய்ஸ் 2 குடிசைச் சரிவில் வண்டி விடும் காட்சியை எடுத்துப் படத்தின் கடைசிப் பகுதியில் வைத்தது. அங்கே அது வெறும் இடிபாடு.

இனி நம் பக்கம். தமிழ்ப் படத்தில் நாயகன் நுழைவு ஒரு திருவிழா என்பதை நான் மறுக்கவில்லை. 1992-இல் அண்ணாமலை படத்தில் சூப்பர் ஸ்டார் என்ற எழுத்துகள் தேவாவின் இசையோடு ஒளிர்ந்தபோது அரங்கில் கத்தியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் அந்த இசை கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அங்கே காலை மட்டும் காட்டினால் போதும், யார் கால் என்று ஊருக்கே தெரியும். பல வருடப் பழக்கம் அந்தக் காலுக்குள் இருக்கிறது. உங்கள் நாயகன் செந்தூலிலிருந்து முதல்முறை நடிக்க வந்த பையன். அவன் கால் யாருக்கும் தெரியாது. தெரியாத காலை ஸ்லோமோஷனில் நீட்டினால் பார்க்கிறவர் காத்திருக்க மட்டும்தான் முடியும். அதே ரஜினிகாந்தே, நம் மண்ணில் எடுத்து 2016-இல் வந்த கபாலியில், தொடக்கத்தில் சிறைக்குள் ஒரு புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அந்தப் புத்தகம் என்ன என்று எத்தனை பேர் தேடினார்கள்! நட்சத்திரமே கையில் ஒரு பொருளோடு ஓர் அறைக்குள் இருக்கும்போது, நமக்கு என்ன அவசரம்?

ட்ரோனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரட்டைக் கோபுரத்தை மேலிருந்து காட்டினால் கோலாலம்பூர் என்று தெரியும்; அந்த ஊரில் எங்கே என்று தெரியாது. 1992-இல் வந்த போலீஸ் ஸ்டோரி மூன்றாம் பாகத்தின் கடைசிச் சண்டையை இங்கேதான் எடுத்தார்கள். ஹெலிகாப்டரின் கயிற்று ஏணியில் ஜாக்கி சான் நம் கூரைகளுக்கு மேல் தொங்கினார். ஈப்போவில் பிறந்த மிச்செல் இயோ ஓடும் ரயிலின்மேல் மோட்டார் சைக்கிளோடு பாய்ந்தார். வெளியூர்க்காரர்கள் நம் ஊரை மேலிருந்து பார்த்துவிட்டார்கள். உள்ளிருந்து பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

என்ன இருக்கிறது உள்ளே என்று கேட்பீர்கள். ஸ்மார்ட் (SMART) சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் அதில் போய்வருகிறவர்கள் உங்களிலேயே இருப்பார்கள். நகர நடுவில் வெள்ளம் ஏறாமல் இருக்க ஆற்று நீரைத் திருப்பிவிடக் கட்டியது, 9.7 கிலோமீட்டர் நீளம். அதில் சுமார் 4 கிலோமீட்டர் கார் போகும் பாதை. 2007-இல் திறந்தார்கள். சாதாரண நாளில் கார் மட்டும். மழை வலுத்தால் காருக்குக் கீழே உள்ள தளத்தில் தண்ணீர் ஓடும், மேலே வண்டியும் ஓடும். வெள்ளம் மிஞ்சினால் வண்டிகளை எல்லாம் வெளியேற்றி, கதவுகளைத் திறந்து, கார் ஓடிய பாதையிலேயே தண்ணீரை விடுவார்கள். இதைவிட என்ன வேண்டும் ஒரு தொடக்கத்துக்கு? முதல் இரண்டு நிமிடத்தில் அங்கே வேலை செய்யும் ஒருவர், பள்ளி விட்டு வந்த தன் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அந்த மூன்று நிலையையும் சொல்லிவிடட்டும். அப்புறம் வானம் இருட்டட்டும். அதற்குமேல் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ஷாட்டிலும் பார்க்கிறவர் காதில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

சுரங்கத்துக்குள் காமிரா கொண்டுபோக அனுமதியும் பணமும் வேண்டும், தெரியும். பணமே வேண்டாத இடம் ஒன்று சொல்கிறேன்: நான் இருந்தது போன்ற ஓர் அடுக்குமாடி. லிஃப்ட் பழுது. ஓர் அம்மா கேஸ் தோம்பை, சமையல் எரிவாயு உருளையை, படிப்படியாக மேலே ஏற்றுகிறார். மூன்றாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறார், அங்கே ஒரு சாமி படம். ஏழாம் மாடியில் விளக்கு எரியவில்லை. பத்தாம் மாடியில் யாரோ வீட்டுச் சாமானை வாசலில் போட்டு வழியை அடைத்திருக்கிறார்கள். பதினோராம் மாடியில் அவர் வீடு. மகன் கதவைத் திறக்கிறான். சண்டையே இல்லாத மூன்று நிமிடம். அதற்குப் பிறகு அந்த மகனைத் தேடி நான்கு பேர் கீழிருந்து ஏறட்டும். அவன் இறங்க வேண்டும். வழி அடைத்த மாடியும் இருட்டு மாடியும் நமக்குத் தெரியும், வருகிறவர்களுக்குத் தெரியாது. தோம்பு எங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். அந்த அம்மா எங்கே நிற்கிறார் என்று மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் மறக்காமல் காட்டுங்கள். என் அம்மா கேட்ட கேள்விக்கு நம்மில் யாராவது ஒருவர் ஒரு ஷாட்டாவது கொடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு உங்கள் தொடக்கத்தைப் படம் எடுக்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்து அந்த இடத்தை வரையச் சொல்லுங்கள். வாசல், சுவர், யார் எங்கே நின்றார்கள். நான் போலீஸ் ஸ்டோரியை என் அக்கா மகளுக்கு அப்படிப் போட்டேன். சினிமாவில் துளியும் நாட்டமில்லாத பிள்ளை. ஒரு மலை வரைந்தாள், அதில் வளைந்து வளைந்து ஒரு சாலை, நடுவே நேராக ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாக வீடுகள். கோடு போன வழியில் இருந்த வீடுகளைக் கறுப்பாக அடித்திருந்தாள்.

கிடங்கோடு வந்த தம்பி மறுபடி படப்பிடிப்புக்குப் போகிறார். ஒரே ஒரு நாள், நான்கு ஷாட். கதவை முதலில் எடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் யாருக்கு விருப்பமோ, மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டு உங்கள் தொடக்கக் காட்சியோடு வாருங்கள். கட்டணம் கிடையாது. சத்தத்தை அணைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். தாளும் பென்சிலும் என்னிடம் இருக்கின்றன. அறை பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவரிசையின் மேல்மாடியில். முன்பக்கம் பூக்கடைக்காரர் வழியில் கூடை வைத்திருப்பார், அதனால் பின்சந்தில் நுழையுங்கள். இரும்புப் படி, நடுவில் ஒரு திருப்பம், அங்கே மட்டும் தலையைக் குனிய வேண்டும். ஏறி முடித்ததும் இடப்பக்கம் கதவு.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
படத்தொகுப்பாளன், கோலாலம்பூர்